‘விபத்துக்கான காரணம்’ என்றொரு கட்டம்

ஆயுத பூஜை முடிந்து கம்பெனி மறுபடி திறந்த நாள், காலை பத்து மணி இருபது நிமிடம். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். மேனேஜர் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்ட நேரம் அது.

"அம்மிணி, லேபிள் செக்ஷன்ல ரெண்டாவது ஹீட் பிரஸ் நின்னு போச்சு. கார்த்தி எங்கிருக்கான்னு பாத்து அனுப்புங்க" என்றார்.

கார்த்தி என் மகன். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவனை அந்தக் கம்பெனியில் நான்தான் சேர்த்துவிட்டிருந்தேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவனை எழுப்பி அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல் நானும் பின்னால் போனேன். போகாமல் இருந்திருந்தால், பிறகு ஒரு நாள் நான் சொன்ன ‘தெரியாது’ உண்மையாகவாவது இருந்திருக்கும்.

முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் நலன் அலுவலராக இருந்தேன். ஓய்வு வயதுக்கு முன்பே நானாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். போன மாதம், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, விபத்துப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டாங்க. ‘விபத்துக்கான காரணம்’னு ஒரு கட்டம் வருதுங்க. அமுக்கினா வரிசையா காரணம் விழுகுது. மொதல்ல ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. நாம எதையும் தொடாம விட்டாலும் அதுவே பதிஞ்சுருது. பழைய நோட்டுல நீங்க எழுதினதைப் பாத்துத்தான் போட்டாங்களாம். புதுசா வர்றவங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கக்கா" என்றாள்.

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது சமூகவியல். கணவர் திடீரென்று இறந்துபோன பிறகு தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோவை மாலை வகுப்பில் முடித்து வேலைக்கு வந்தேன். இரண்டு வாரப் பயிற்சி. அதில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான காரியம் ஒன்றுதான்: மெஷினில் பாதுகாப்புக்கென்று எது வைத்திருந்தாலும் அதைப் பார்த்து டிக் போடாதே, ஏமாற்றிப் பார்த்து டிக் போடு.

ஹீட் பிரஸ் என்பது பனியனின் கழுத்துக்குப் பின்னால் சைஸ் லேபிளைச் சூட்டில் ஒட்டும் மெஷின். கீழே ஒரு பலகை, மேலே கொதிக்கும் தட்டு. துணியை விரித்து, லேபிளை வைத்து, காலால் பெடலை அமுக்கினால் காற்றழுத்தத்தில் தட்டு இறங்கும். எட்டு வினாடி அமுக்கிப் பிடித்துவிட்டுத் தானாக மேலே போகும். பலகையின் இரண்டு ஓரத்திலும் சட்டைப் பட்டன் அளவில் இரண்டு கண்ணாடிக் கண்கள் உண்டு. ஒரு கண்ணிலிருந்து கிளம்பும் ஒளி இன்னொரு கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் கை இருந்தால் ஒளி போய்ச் சேராது, தட்டு இறங்காது. சிவப்பு விளக்கு எரியும். இதைத்தான் சென்சார் என்போம்.

இதை ஏமாற்றிப் பார்ப்பதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். கைக்குப் பதிலாக அட்டையை நீட்டிக்கொண்டு பெடலை அமுக்க வேண்டும். தட்டு இறங்காவிட்டால் டிக். முதல் இரண்டு வருடம் தினமும் காலையில் அட்டையோடு போனேன். அப்புறம் வாரம் ஒரு தரம். அப்புறம் வெளிநாட்டு ஆடிட் வரும்போது மட்டும். டிக் மட்டும் தினமும் போட்டேன்.

பதிவேடும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டெய்லருக்கு விரலில் ஊசி ஏறியது. அவர் தலைக்கு மேலே டியூப் லைட் பத்து நாளாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனாலும் காரணம் என்ற கட்டம் வந்ததும் முன்பிருந்தவர் எழுதியிருந்ததைப் பார்த்து ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். லைட்டைப் பற்றி எழுதினால் பத்து நாள் ஏன் மாற்றவில்லை என்று கேள்வி வரும். அடுத்து ஐயர்னிங்கில் நீராவிக் குழாய் பிய்ந்து ஒருவருக்கு முழங்கை வெந்தது. அதற்கும் அதே வரி.

ஊசி ஏறிய அந்த டெய்லர், ராஜாமணி, ஒரு தரம் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர் பக்கங்களைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஏனுங்க அக்கா, எங்களுக்கெல்லாம் எதுக்குத் தனித்தனியாப் பேரு? ஆதார் கார்டுலயே கவனக்குறைவுன்னு அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்களோடு நானும் சிரித்தேன்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அங்கேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கணவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று தன் காரை அனுப்பியவர் அவர். எந்தத் தொழிலாளியின் பிள்ளை எந்த வகுப்பு என்று சொல்லுவார். சைரன் ஊதுவதற்கு முன்பே வந்து ஒவ்வொரு லைனாக நடப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த உத்தரவையும் அவர் எழுதியும் தந்ததில்லை, முழுதாகச் சொன்னதும் இல்லை. பிரச்சினையைச் சொன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டே கேட்பார். முடித்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, பாத்துப் பண்ணிக்குங்க" என்பார். காரியம் நல்லபடி முடிந்தால் அவர் சொன்னது. கெட்டுப்போனால் நாம் செய்தது. பதினெட்டு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட உத்தரவு என்று என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, லேபிள் செக்ஷனுக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பைச் சரண்யாவிடம் கொடுத்தேன். பொங்கலூர் பக்கத்துப் பெண், இருபது வயது. கம்பெனி பஸ்ஸில் வருவாள். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பெயர் இன்னும் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் ஏறவில்லை, ஏற்ற வேண்டிய காகிதம் என் மேஜையில்தான் இருந்தது. சந்தனத்தை ஒரு பிளாஸ்டிக் மக்கில் குழைத்துக் கையில் கொடுத்து, "ஒண்ணு விடாம வெய்யி கண்ணு" என்றேன்.

"ஃபேனுக்குமாங்க அக்கா?"

"ஃபேனுக்கும்தான். அதுவும் நமக்காகத்தான் சுத்துது."

ஸ்டூல் மேல் ஏறி ஃபேனுக்கும் வைத்தாள். கத்தரிக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு, என் பேனாவுக்கு. ஹீட் பிரஸ்ஸில் தட்டுக்கு, பெடலுக்கு, பிறகு அந்த இரண்டு கண்ணாடிக் கண்களுக்கும். சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அழகாக இருந்தது.

வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனிகளில் எழுதாத சட்டம். காய்ந்து தானாக உதிரும் வரை விட்டுவிடுவோம்.

அதனால்தான் மறுபடி திறந்த நாளில் மெஷின் ஓடவில்லை. சந்தனம் ஒளியை மறைத்திருந்தது. மெஷினைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது, தட்டு இறங்க மாட்டேன் என்கிறது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

கார்த்தி பேனலைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். "சென்சார் போயிருச்சாட்ட இருக்குங்க சார். புதுசு கோயமுத்தூர்ல இருந்து வரணும். ரெண்டு நாளாகும்" என்றான்.

மேனேஜர் கடிகாரத்தைக் கழற்றினார். மறுநாள் கன்டெய்னர் ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். "வேற வழியில்லையா கண்ணு?" என்று கேட்டார்.

"சென்சாரை பைபாஸ் பண்ணி ஓட்டலாங்க. ஆனா கைக்குப் பாதுகாப்பு இருக்காது."

மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "உங்கம்மா இருக்காங்கல்ல. பாத்துப் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார்த்தி என் முகத்தைப் பார்த்தான். "ரெண்டு நாள்தானே. போட்டு ஓட்டு சாமி" என்றேன்.

ஒரு சாண் நீல ஒயர். பேனலுக்குள் இரண்டு முனைகளை அதனால் இணைத்தான். இனி கண்கள் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மெஷினுக்கு ஒன்றுதான். தட்டு இறங்கியது. லைன் ஓடியது. புது சென்சாருக்கு எழுதிக் கொடுத்தான். ஸ்டோரில் அந்தச் சீட்டு மற்ற சீட்டுகளுக்கு அடியில் போனது. கன்டெய்னர் ஏறியதும் அவசரமும் போய்விட்டது. அந்த மெஷினில் உட்கார்ந்த சரண்யாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினோரு நாள் காலையில் நான் செக் லிஸ்ட்டில் ‘சென்சார் வேலை செய்கிறதா’ என்ற இடத்தில் டிக் போட்டேன்.

பதினோராம் நாள் மாலை மூன்று நாற்பதுக்கு, கழுத்துத் துணி சுருங்கியிருந்ததைச் சரிசெய்யச் சரண்யா வலது கையை நீட்டினாள். கால் பெடலில் இருந்தது. அப்படி நீட்டுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கை உள்ளே இருந்தால் தட்டு இறங்காது என்று நான்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் அசட்டையாக இல்லை. என்னை நம்பிக் கையை நீட்டினாள்.

எட்டு வினாடி. எமர்ஜென்சி பட்டனை அடுத்த மெஷின்காரி ஓடிவந்து அமுக்கியபோது ஆறு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். செக்ஷன் காலியாக இருந்தது. பேனலைத் திறந்து கார்த்தி அந்த ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை கீழே விழுந்தது. "சார் பாத்துக்கச் சொன்னாருங்கம்மா" என்றான். ஒயர் கழன்றதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். காய்ந்து வெடித்த சந்தனம். கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். எதிர்ப்பக்கம் இன்னொன்று.

விளக்கு பச்சையானது.

சென்சாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பதினோரு நாளும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கார்த்தி பேனலை மூடினான். "பொட்டு இருந்ததைப் பாத்தேம்மா. எல்லாத்துலயும்தான் இருந்துச்சு. தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றான்.

நான் அறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். பெயர், வயது, நேரம், காயம். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கவேயில்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ பேனா மூடியில் அவள் வைத்த பொட்டு இன்னும் இருந்தது. மேனேஜரிடம் சந்தனத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பதிவேட்டைப் படித்தார். "போதும் அம்மிணி" என்றார்.

சரண்யாவுக்கு வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் மிஞ்சின. அவள் அப்பா இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டார். கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜையில் ஒரு தட்டு முறுக்கு இருந்தது, கடித்துக்கொண்டே விளக்கினார்.

"பாருங்கம்மா. ஒருத்தன் வேணும்னே கையை நசுக்கறான், அது ஒண்ணு. அசால்ட்டா இருந்து நசுங்குது, அது ரெண்டு. யாரும் ஒண்ணும் பண்ணாமயே நசுங்குது, அது மூணு. இந்த மனுவுல இது மூணுமே எடுபடாது. வேலை நேரத்துல அடிபட்டா யார் தப்புன்னே கேக்காம கம்பெனி குடுத்தாகணும். நமக்குன்னு ஒரே ஒரு சந்துதான் இருக்குது. பாதுகாப்புக்கு வெச்சதை, அதுக்குன்னு தெரிஞ்சே, அந்தப் பொண்ணே வேணும்னு கழட்டியிருக்கோணும்."

"அவ கழட்டலைங்க."

"யாரு கழட்டினதுங்க?"

நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன்.

"பீஸ் ஜாஸ்தி ஓட்டறதுக்காவ சென்சார் பிளக்கைப் புடுங்கிட்டு ஒரு ஊக்கைச் சொருகி விடறது ஊர்ல நடக்கறதுதான். சம்பவத்தப்ப பிளக்கைப் புடுங்கி ஊக்கு சொருகிக் கிடந்துச்சுன்னு மேனேஜர் சொல்லிருவாரு. மத்த நேரமெல்லாம் நல்லா வேலை செஞ்சதுக்கு உங்க டிக் இருக்குது. பயிற்சி எடுத்தேன்னு அவ கையெழுத்து இருக்குது. நீங்க பொய் சொல்ல வேண்டாம். பைபாஸ் ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டா, தெரியாதுன்னா போதும். இல்லீன்னா ஒயர் போட்டது யாருன்னு தேடுவாங்க. போலீஸ் கேஸ் ஆகும். பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்களாட்ட?" என்றார். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடும். ரகசியம் பேசுவதற்கு வசதியான ஊர். அந்தச் சத்தத்தில் கார்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டில் கையைக் கழுவிவிட்டு, "நீங்க சொல்லச் சொன்னா நான் போயிச் சொல்லிர்றேம்மா. வேண்டாம்னா சொல்லலை" என்றான். இருபத்திரண்டு வயதில் அவன் அதை என் கையில் கொடுத்தான்.

"வேண்டாம்" என்றேன்.

விசாரணை அன்று சரண்யா அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அக்கா, உக்காருங்க" என்று இடம் விட்டாள். உள்ளே மேனேஜர் பிளக்கைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். அதிகாரி என்னிடம் கேட்டார்: "சென்சார் இணைப்பு மாற்றப்பட்டிருந்ததா?"

"எனக்குத் தெரியாதுங்க."

இதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சந்தனம் வைத்தது அன்பு. ஒயரைப் போட்டது அவசரம். டிக் போட்டது சோம்பல். மேனேஜர் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டியதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் இந்த வரிசை முழுவதிலும், ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று நன்றாகத் தெரிந்து, யோசித்து, வேண்டுமென்றே செய்யப்பட்ட காரியம் ஒன்றாவது உண்டென்றால், அது நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான். அதை எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். கார்த்தியும் விட்டுவிட்டு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தான். மின்சார வேலையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா?" என்பான். "சாப்பிட்டேன், நீ?" என்பேன். பிறகு வைத்துவிடுவான்.

ஆறு மாதம் தாங்கினேன். பிறகு கார்த்தியிடம் கேட்காமலே எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதித் தொழிலாளர் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது. மனுதாரர் தாமாகவே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் கோப்பு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது.

ஏன் திரும்பப் பெற்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மிரட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். நேரில் போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம், வா என்று கார்த்தியைக் கூப்பிட்டேன். "சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துர்றேம்மா" என்றான். அன்று புதுத் துண்டு எடுத்து வைத்தேன். அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்து மூடி வைத்தேன். நான்கு அடித்தது. நாலரை ஆனது. கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன்.

சரண்யா நின்றிருந்தாள். தனியாக, பஸ்ஸில் வந்திருக்கிறாள். இடது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கம்பெனிப் புள்ளைங்ககிட்ட அட்ரஸ் வாங்கிட்டு வந்தனுங்க அக்கா. ஊட்ல இருப்பீங்களோ என்னமோன்னு நெனச்சேன்" என்றாள். உட்கார மாட்டேன் என்றாள். பழத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். "மேனேஜர் எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. வையவே இல்லை. நல்லாத்தான் பேசினாரு. அந்தக் கண்ணு மேல பொட்டு வெச்சது நீதானாமே கண்ணுன்னாரு. வேணும்னு செய்யலை, சின்னப் புள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும்னாரு. அப்பறந்தானுங்க எனக்கே வெளங்குச்சு. கண்ணை மறைச்சுட்டா அதுக்கு என் கை எப்படிங்க தெரியும்? எங்கப்பனைக் கூட்டிட்டுப் போயி வாபஸ் வாங்கிட்டேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கண்ணை மறைத்தால் மெஷின் நிற்கும், இறங்காது என்று சொன்னேன். பொட்டு வைக்கச் சொன்னது நான் என்று சொன்னேன். ஒயர் போட்டது கார்த்தி, போடச் சொன்னது நான், விசாரணையில் பொய் சொன்னது நான் என்று, ஒன்று விடாமல், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

அவள் முழுதும் கேட்டாள். இடது கையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு எங்கம்மா அப்பவே சொல்லுச்சுங்க. எனக்காவ நீங்க பழியேத்துக்க வேண்டாங்க அக்கா. என்னாலதான் உங்களுக்கும் வேலை போச்சு, கார்த்தி அண்ணனுக்கும் போச்சு. அதுக்கு மன்னாப்புக் கேக்கத்தான் வந்தேன்."